கணக்கேட்டில் கரைந்தவர்கள்

(வெள்ளானூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து மறைந்த ஓர் ஆசிரியரின் நினைவாக, அவருடைய மக்கள் ஏற்படுத்திய அறக்கட்டளை இது. மொழியைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். தமிழின் பெருமையைப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் ஒரு மக்கள்தொகைக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

சோவியத் ஆட்சி 1926இல் எடுத்த கணக்கின்படி, அசர்பைஜானின் தென்கோடியில் தாலிஷ் இனத்தார் சுமார் 77,000 பேர். 1959 கணக்கில் அவர்கள் 85 பேர். எழுபத்தேழாயிரம் எங்கே, எண்பத்தைந்து எங்கே! இடையில் கொள்ளைநோய் வந்து அவர்களைக் கொண்டுபோய்விடவில்லை. ஊரைக் காலிசெய்துவிட்டு வேறெங்கும் போய்விடவும் இல்லை. லெங்கரான், அஸ்தரா, லெரிக், மசல்லி என்ற அதே ஊர்களில், காஸ்பியன் கடலுக்கும் மலைக்கும் நடுவில், தேயிலையும் எலுமிச்சையும் பயிரிட்டுக்கொண்டு அதே வீடுகளில்தான் வாழ்ந்தார்கள். கணக்கெடுப்பில் மட்டும் 'அசர்பைஜானியர்' ஆனார்கள்.

தாலிஷ் மொழி ஈரானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, பாரசீகத்துக்கு உறவு. அவர்களைச் சுற்றி இருப்பவர்கள் பேசும் அசர்பைஜானி மொழியோ துருக்கியக் குடும்பம். ரஷ்யப் பேரரசும் பாரசீகமும் 1828இல் செய்துகொண்ட துர்க்மென்சாய் உடன்படிக்கை தாலிஷ் நாட்டை இரண்டாகப் பிரித்தது; தெற்குப் பாதி இன்று ஈரானில் இருக்கிறது. வடக்குப் பாதியில் சோவியத் ஆட்சியின் தொடக்க ஆண்டுகள் நல்லவையாகவே இருந்தன. தாலிஷ் மொழியில் பள்ளிப் புத்தகங்கள் வந்தன, கவிதைகள் அச்சேறின. முப்பதுகளின் பிற்பகுதியில் எல்லாம் நின்றது. சுல்ஃபுகார் அஹ்மத்ஸாதே என்ற தாலிஷ் கவிஞர் கைதாகி, 1942இல் சைபீரிய முகாமில் இறந்தார். பள்ளி போனது, பத்திரிகை போனது, பிறகு கணக்கேட்டில் இருந்த பெயரும் போனது. வரிசை அதுதான், அதைக் கவனியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூடிய கதவு கொஞ்சம் திறந்தபோது, 1989இல், 21,169 பேர் தம்மைத் தாலிஷ் என்று பதிந்தார்கள். 2009 கணக்கில் அது ஏறக்குறைய 1,12,000. இருபதே ஆண்டில் ஐந்து மடங்கு பிள்ளை பெற்றுவிட முடியாது. அந்த மக்கள் அத்தனை நாளும் அங்கேயே இருந்தார்கள் என்பதைத் தவிர அந்த எண்களுக்கு வேறு பொருள் இல்லை. ஆனாலும் கதை நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியவில்லை. 1993இல் அலிக்ராம் ஹும்மத்தொவ் என்ற படை அதிகாரி தாலிஷ் பகுதியைத் தன்னாட்சிக் குடியரசாக அறிவித்தார். சில வாரங்களில் அது கவிழ்ந்தது. அதற்குப் பிறகு தாலிஷ் மொழிக்காகப் பேசுவதே பிரிவினையாகப் பார்க்கப்பட்டது. தாலிஷ் மொழிப் பத்திரிகையின் ஆசிரியரும் மொழியியல் அறிஞருமான நவ்ரூஸலி மாமெதொவ் 2007இல் கைதானார். தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, மறு ஆண்டு பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2009இல் சிறைக்காவலிலேயே இறந்தார். ஒரு மொழிக்கு அகராதி செய்யும் வேலையில் இருந்த முதியவர் அவர்.

காஸ்பியன் கரைக் கதை வெள்ளானூருக்கு எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இதே கதை, ஏறக்குறைய இதே ஆண்டுகளில், தமிழுக்கு நேர்ந்தது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இங்கிருந்து செங்குன்றம் தாண்டிப் புழல் காவாங்கரைக்குப் போனால் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு என்று அவர்கள் சொல்லும் ஊர்ப் பெயர்கள் நமக்குப் பழக்கமானவை. போரால் சிதறியவர்களின் கதை நம் காதுக்கு வந்துவிட்டது. ஆனால் இலங்கையின் மேற்குக் கடற்கரையில், கற்பிட்டியிலிருந்து புத்தளம், சிலாபம், மாரவில, வென்னப்புவ வழியாக நீர்கொழும்பு வரை இன்னொரு தமிழ் நிலம் இருந்தது. அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு முகாம் தேடி ஓடிவந்தவர்கள் குறைவு. அதனால் அந்தக் கதை நம்மிடம் வந்து சேரவே இல்லை.

அந்தக் கரையின் கத்தோலிக்க மீனவர்களில் பெரும்பாலோர் கரையார். சிங்களத்தில் அவர்களைக் 'கராவ' என்கிறார்கள். ஃபெர்னாண்டோ, பீரிஸ், மெண்டிஸ், சில்வா என்று போர்த்துக்கீசியர் காலத்துப் பெயர்கள். அவற்றுக்கு முன்னால் வர்ணகுலசூரிய, குருகுலசூரிய, மிஹிந்துகுலசூரிய என்ற குலப்பெயர்கள். தூத்துக்குடிப் பரதவர் ஊர்களில் கேட்கிற அதே ஃபெர்னாண்டோக்கள்தாம். 'முக்கர ஹட்டன' என்ற சிங்களச் சுவடி, காஞ்சிபுரம், காவிரிப்பூம்பட்டினம், கீழக்கரை ஊர்களிலிருந்து இவர்களுடைய முன்னோர் வந்ததாகச் சொல்கிறது. தமிழ் ஊரிலிருந்து வந்த கதையைச் சிங்களத்தில் எழுதி வைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். மாற்றத்தின் பழைய தடயம் அது.

இந்தக் கரையில் தமிழ் ஏனோதானோவென்று இருந்த மொழி இல்லை. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1859இல் 'தமிழ் புளூடார்க்' என்ற நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கை வரலாறுகளை முதன்முதலாகத் தொகுத்தவர்களில் அவர் ஒருவர். சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர். அவருக்கும் முன்னால், நீர்கொழும்பை அடுத்த போலவத்தையில் 1742இல் மறைந்த கோவாவைச் சேர்ந்த குரு ஜாக்கோமே கொன்சால்வஸ், சிங்களம் தமிழ் இரண்டிலும் நூல்கள் எழுதினார். ஒரே பங்கில் இரண்டு மொழியிலும் மக்கள் இருந்ததால்தான் இரண்டிலும் எழுதினார். இரு மொழிகளும் ஒரு கூரையின் கீழ் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியானால் தமிழ் எப்போது, எப்படிப் போனது?

மீன் சந்தையும் தென்னந்தோப்புகளும் திருமண உறவும் சிங்களத்தை நூறு ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டன. காலி, மாத்தறை வரையுள்ள தென்கரைக் கராவ மக்கள் ஏற்கெனவே சிங்களவர்கள். படிப்பிலும் சொத்திலும் முன்னால் நின்றவர்கள். அவர்களோடு ஒரே சாதி என்று சொல்லிக்கொள்வதில் நீர்கொழும்பு மீனவருக்கு ஏற்றம் இருந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ்ச் சமூகத்தில் அந்த ஏற்றம் அவருக்குக் கிடைத்திருக்காது. இதைத் தமிழர்களாகிய நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவரைக் கீழே நிறுத்தி வைத்த சமூகம், அவர் விலகிப் போனபோது மொழி போய்விட்டதே என்று அழுவதில் பாதிதான் நியாயம் இருக்கிறது.

இதெல்லாம் மெல்ல நடந்தவை. வேகமாக நடந்தது பள்ளியிலும் கோயிலிலும். சிலாபம் 1939இல் தனி மறைமாவட்டமானது. 1940இலிருந்து 1972 வரை அங்கே ஆயராக இருந்தவர் எட்மண்ட் பீரிஸ். பெரிய படிப்பாளி, இலங்கைத் திருச்சபை வரலாற்றை ஆராய்ந்தவர், சிங்கள இலக்கியத்தில் ஆழ்ந்தவர். கத்தோலிக்கர் என்றால் அந்நியர் என்று பௌத்த மறுமலர்ச்சிக்காரர்கள் தூற்றிக்கொண்டிருந்த காலம் அது. தம் மக்களை மண்ணின் மக்களாக நிறுத்த வேண்டும் என்று அவர் கருதியிருப்பார். அவருடைய நோக்கத்தில் தீமை இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் காலத்தில், பங்குப் பள்ளிகளில் பயிற்றுமொழி தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியது. செபமும் மறைக்கல்வியும் உடன் மாறின. அந்த மாற்றத்தில் முக்கியப் பங்கு அவருடையது என்று ஆய்வாளர்கள் பலரும் சொல்கிறார்கள்.

அதே நேரத்தில் அரசின் கொள்கையும் வந்தது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். தொடக்கக் கல்வி தாய்மொழியில் என்பது அதன் பகுதி. உலகத்துக்கே முன்மாதிரியான திட்டம்; குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளையின் இனத்தையும் மொழியையும் ஒருவர் எழுத வேண்டும். அப்பாவின் பெயர் வர்ணகுலசூரிய ஃபெர்னாண்டோ, வீட்டில் பாட்டி பேசுவது தமிழ், அக்கம்பக்கம் சிங்களம். எழுதுகிறவர் கையில் பேனா. 'சிங்களம்' என்று எழுதிவிட்டால் தாய்மொழிக் கல்வி என்ற அதே நல்ல கொள்கை, அந்தப் பிள்ளையைத் தாயின் மொழியிலிருந்து பிரித்துவிடும். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. அரசு வேலைக்கு எது வழி என்பது எழுத்தறியாத பெற்றோருக்கும் புரிந்துவிட்டது. 1960-61இல் உதவிபெறும் மதப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசு எடுத்துக்கொண்டது. பிறகு திருச்சபையே நினைத்தாலும் பழையபடி மாற்ற முடியாத நிலை.

இதற்கு மேல் 1958 கலவரம், 1983 கலவரம். கொழும்பை ஒட்டிய ஊர்களில் தமிழ் பேசுவது உயிருக்கு ஆபத்தான நாட்கள் அவை. 'நாங்கள் சிங்களவர்கள்' என்று அப்போது சொன்ன தாய்மாரை யாரும் குற்றம் சொல்லக் கூடாது.

ஒரு தலைமுறையில் பாட்டி செபமாலையைத் தமிழில் சொல்வார். மகள் இரண்டு மொழியிலும் பேசுவார். பேரன் பாட்டி சொல்வதைப் புரிந்துகொண்டு சிங்களத்தில் பதில் சொல்வான். அவனுடைய பிள்ளைக்கு அதுவும் புரியாது. இதில் எந்தக் கட்டத்திலும் வீட்டில் சண்டை நடந்திருக்காது. இழப்பு நடக்கிறது என்றுகூட யாருக்கும் தெரிந்திருக்காது.

தமிழ் கடைசிவரை தங்கியது கடலில். நீர்கொழும்பு மீனவர்கள் பருவக்காற்று மாறும்போது வடக்கு, கிழக்குக் கரைகளுக்குப் படகோடு இடம்பெயர்ந்து தொழில் செய்வார்கள். அங்கே வாடி என்னும் கரைக் குடிசை போடவும் ஐஸ் வாங்கவும் மீன் விற்கவும் தமிழ் வேண்டும். படிப்புக்கு வேண்டாத மொழி பிழைப்புக்கு வேண்டியிருந்தது. அதனால் ஆண்களிடம் பிழைத்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் போன்டா இந்த மீனவர் தமிழை ஆராய்ந்தார். அவர் கண்டவற்றுள் ஒன்று என்னை வெகுநாள் தூங்கவிடவில்லை. நம் தமிழில் போகிறேன், போகிறாய், போகிறார்கள் என்று வினைமுற்றின் விகுதியே யார் என்று சொல்லிவிடும். பேச்சுச் சிங்களத்தில் அந்த வேறுபாடு இல்லை. எல்லோருக்கும் ஒரே வினை வடிவம். நீர்கொழும்பு மீனவர் தமிழும் அப்படியே ஆகிவிட்டது. சொற்கள் தமிழ், வாக்கியத்தின் எலும்பு சிங்களம். இதைக் கெட்ட தமிழ் என்று எவரும் சொல்லாதீர்கள். இரண்டு மொழிகளையும் நெடுங்காலம் ஒரே நாவில் சுமந்த மக்களின் தமிழ் அது.

அதே கரையில், சிலாபத்துக்கு வடக்கே உடப்பு என்ற ஊர் இருக்கிறது. அங்கும் மீனவர்கள்தாம், தம் முன்னோர் இராமேசுவரம் பக்கத்திலிருந்து வந்ததாகச் சொல்பவர்கள். ஆண்டுதோறும் திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதி நடக்கிறது. உடப்பு இன்றும் தமிழ் ஊர். கடல் ஒன்று, தொழில் ஒன்று, சுற்றிலும் சிங்களம் என்பதும் ஒன்று. ஊர்க் கோயிலும் ஊர்ப் பள்ளியும் தமிழிலேயே நடக்கின்றன, வேறுபாடு அவ்வளவே. நீர்கொழும்பு நகரத்துக்குள்ளும் விஜயரத்தினம் இந்து மத்திய கல்லூரி தமிழில் பாடம் சொல்லிவருகிறது. பள்ளி இருந்த இடத்தில் தமிழ் இருக்கிறது, பள்ளி போன இடத்தில் போய்விட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. சாதியும் மதமும் பின்னணியில் இருந்தன. முடிவு பள்ளியில் ஆனது.

இதுவரை நாம் இழந்த கதை. இனி நாம் விழுங்கிய கதை. இதைச் சொல்லாமல் இறங்கினால் இந்தப் பேச்சு நேர்மையானதாக இருக்காது.

நம் பக்கத்து ஆவடி பல மொழிகளின் ஊர். கனரக வாகனத் தொழிற்சாலை வந்ததிலிருந்து நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இந்தியோ மலையாளமோ தெலுங்கோ பேசும் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அந்த மொழிகளுக்கு மாநிலமும் அச்சும் சினிமாவும் இருக்கின்றன. கவலை வேறு இரண்டு கூட்டத்தாரைப் பற்றி. ஆவடியில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. 2022இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அங்கே வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவர்களுடைய வாக்ரி மொழி குஜராத்திக்கு உறவானது. அவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டதற்கான சட்டம் 2023 தொடக்கத்தில் வந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. சான்றிதழ் வந்தது நல்லது. மொழிக்கு என்ன வந்தது? முதல் வகுப்பில் உட்காரும் வாக்ரிக் குழந்தைக்கு, ஆசிரியர் பேசுவது அன்றைக்குத்தான் முழுநாளும் காதில் விழுகிறது. விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையை மந்தம் என்று எழுதிவிடுகிறோம். அது பள்ளிக்கு வராமல் நின்றால் அவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்கிறோம்.

அடுத்து இருளர். திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களின் ஏரிக்கரைகளில், செங்கல் சூளைகளில், அரிசி ஆலைகளில் அவர்களைப் பார்க்கிறோம். நீலகிரி இருளரின் மொழியைக் கமில் சுவலபில் எழுபதுகளில் விரிவாக ஆராய்ந்து, தனியான திராவிட மொழியாக அதன் இலக்கணத்தை எழுதினார். நம் சமவெளி இருளர்களில் பெரும்பாலோர் இப்போது தமிழ்தான் பேசுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கிலோ இருளர் மொழி தமிழின் கீழ் ஓர் உட்பிரிவாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கெடுப்பில் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து 1,369 தாய்மொழிகளாக்கி, கடைசியில் 121 மொழிகளாகத் தொகுத்தார்கள். பத்தாயிரம் பேருக்கும் குறைவானவர்கள் பேசும் மொழிகள் தனியே அச்சாவதில்லை. 1971 முதல் அதுதான் வழக்கம். நான் அசர்பைஜான் அதிகாரிகளோடு நம் அதிகாரிகளை ஒப்பிடவில்லை. இங்கே மொழியைப் பேசியதற்காக யாரையும் சிறையில் அடைப்பதில்லை. ஆனால் பெரிய பெயருக்குள் சின்னப் பெயர் மறையும் வேலை இங்கும் நடக்கிறது, அந்தப் பெரிய பெயர் இம்முறை நம்முடையது.

"அவர்களே விரும்பித்தானே தமிழுக்கு வந்தார்கள்?" என்று கேட்பார்கள். நீர்கொழும்பு மீனவரும் விரும்பித்தான் சிங்களத்துக்குப் போனார். விருப்பத்தைச் சுற்றி எத்தனை கதவுகள் மூடியிருந்தன என்பதைத்தான் நான் கேட்கிறேன். அந்தப் பிள்ளைகள் தமிழ் படிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் வெளியே போய்ச் சொல்ல வேண்டாம். தமிழும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும்; இரண்டும் நன்றாக வேண்டும். முதல் ஓரிரு ஆண்டுகள் பிள்ளைக்குப் புரியும் மொழியில் பேச ஓர் ஆள் வகுப்பில் இருக்கட்டும். அந்தச் சமூகத்திலேயே பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பெண்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்களைத் துணை ஆசிரியராக வையுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. இந்தி ஆதிக்கத்தை எதிர்த்து நின்ற மாநிலம் நாம். அந்த நியாயத்தை வாக்ரி பேசும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தர வேண்டிய கடமை மற்ற எவரைவிடவும் நமக்குத்தான் அதிகம்.

இந்த அவையில் ஆசிரியர்கள் நிறைய இருக்கிறீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரும்போது வீடு வீடாகப் போகப் போகிறவர்களும் உங்களில் பலர்தான். தாய்மொழி என்ற இடத்தில் எதை எழுத வேண்டும் என்று விதி தெளிவாகச் சொல்கிறது: அந்த ஆளிடம் குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் பேசிய மொழி. அவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். பட்டியலில் இல்லாத பெயராக இருந்தாலும், அப்படி ஒரு மொழியை நீங்கள் கேள்விப்பட்டதே இல்லை என்றாலும். நரிக்குறவர் குடியிருப்பிலும் ஏரிக்கரை இருளர் வீடுகளிலும் "தமிழ்தானே?" என்று நீங்களே பதிலை எடுத்துக்கொடுத்துவிடாதீர்கள். "உங்கள் அம்மா உங்களிடம் சின்ன வயதில் என்ன பேசினாங்க?" என்று கேளுங்கள். கொஞ்சம் காத்திருங்கள், இந்தக் கேள்வியை அவர்களிடம் இதற்குமுன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் என்ன சொல்கிறார்களோ, அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டு வாருங்கள்.